எஸ்எஸ்டியைக் கழற்றினால் விண்டோஸ் வரவில்லை: பூட் லோடர் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

கேள்வி சுருக்கமாக: விண்டோஸ் 11 உள்ள லேப்டாப். யூஎஸ்பியில் செருகும் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் உபுண்டு லினக்ஸ் 22.04 நிறுவினேன். பூட் லோடரை (ஆன் செய்ததும் இயங்குதளத்தை எழுப்பும் சின்ன நிரலை) எந்த டிஸ்க்கில் போடுவது என்று நிறுவி கேட்டபோது எஸ்எஸ்டியைத்தான் தேர்ந்தெடுத்தேன். எஸ்எஸ்டி செருகியிருந்தால் இரண்டும் வருகின்றன. கழற்றிவிட்டு ஆன் செய்தால் கறுப்புத் திரையில் "கிரப்>" என்று மட்டும் நிற்கிறது. அதே எஸ்எஸ்டியை நண்பரின் கணினியில் செருகினால் அங்கேயும் உபுண்டு எழவில்லை. சர்வீஸ் கடையில் எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். உள்ளே ப்ராஜெக்ட் ஃபைல்கள் இருக்கின்றன. வேறு வழி உண்டா?

பதில்:

ஃபார்மேட் வேண்டாம். கடையிலிருந்து லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி செருகியிருக்கும்போது விண்டோஸ் வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் விண்டோஸும் உங்கள் ஃபைல்களும் முழுசாக இருக்கின்றன. வாசலில் நிற்கும் ஆள்தான் மாறிவிட்டார்.

இன்றைக்கே விண்டோஸுக்குள் போக வேண்டுமா? அந்த "கிரப்>" என்ற இடத்தில் எக்ஸிட் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். உபுண்டுவின் பூட் லோடரான கிரப் ஒதுங்கிக்கொள்ளும், மதர்போர்டின் அடிப்படை நிரலான ஃபர்ம்வேர் தன் பட்டியலில் அடுத்து இருப்பதைக் கூப்பிடும், பெரும்பாலும் அது விண்டோஸ்தான். அது சரிவரவில்லை என்றால் லேப்டாப்பை ஆன் செய்த உடனே எஃப்12, எஃப்9, எஸ்கேப் இவற்றில் உங்கள் மாடலுக்கு எதுவோ அதை அழுத்தினால் பூட் மெனு வரும். அதில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது தற்காலிக வழி. நிரந்தரமாகச் சரிசெய்யும் முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பூட் லோடர் கோளாறில் என்ன நடந்தது என்று தெரியாமல் கட்டளைகளைத் தட்டுகிறவர்கள்தான் ஒரு கோளாறை மூன்றாக்கிக்கொள்கிறார்கள். (கட்டளைகளைக் கீழே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.)

கணினியை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் அது பயாஸ். பயாஸுக்கு ஃபைல், ஃபோல்டர் என்றெல்லாம் எதுவும் தெரியாது. டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டை, மெமரியில் ஏற்றி ஓடவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை. அந்த 512இல் 446 பைட் பூட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை. 446 பைட்டுக்குள் ஓர் இயங்குதளத்தைத் தேடி எழுப்பும் அளவுக்கு நிரல் எழுத முடியாது. அதனால் கிரப் தன் இரண்டாம் துண்டை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் கிடக்கும் காலி இடத்தில் வைக்கும். மிச்சத்தை லினக்ஸ் பார்ட்டிஷனில் பூட் ஃபோல்டருக்குள் வைக்கும். ஒரே நிரல் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ என்ற புது வகை ஃபர்ம்வேர் வந்த பிறகு கதை வேறு. இந்த ஃபர்ம்வேருக்கு ஃபேட்32 என்ற ஃபைல் அமைப்பைப் படிக்கத் தெரியும். டிஸ்க்கில் பூட் ஃபைல்களுக்கென்றே இஎஸ்பி என்று ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் நிறுவி தானாகப் பிரித்தது என்றால் பெரும்பாலும் 100 எம்பி. அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒன்று, உபுண்டுவுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபோல்டர்கள். எந்த டிஸ்க்கில், எந்த பார்ட்டிஷனில், எந்த ஃபைலை ஓட்ட வேண்டும் என்ற பட்டியல் டிஸ்க்கில் கிடையாது. மதர்போர்டின் சொந்த நினைவில், என்விரேம் என்பதில், இருக்கிறது. இந்தப் பட்டியலில் பெயர் இல்லாத டிஸ்க்கைப் புதிதாகச் செருகினால்? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல் இருக்கிறதா என்று ஃபர்ம்வேர் தேடும். பென்டிரைவ்கள் எந்தக் கணினியிலும் பூட் ஆவது இந்த வழியில்தான்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். உபுண்டு 22.04இல் வரும் யுபிக்விட்டி நிறுவிக்கு வெகுநாள் வியாதி ஒன்று உண்டு. பூட் லோடர் எங்கே போக வேண்டும் என்று உங்களிடம் மரியாதையாகக் கேட்கும். பயாஸ் முறையில் நீங்கள் சொன்னதைக் கேட்கவும் செய்யும். யூஇஎஃப்ஐ முறையில் அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதலில் கண்ணில் படும் இஎஸ்பியில் எழுதிவிடும். முதலில் படுவது பெரும்பாலும் லேப்டாப்பின் உள் டிஸ்க்தான். உங்கள் மேல் தப்பில்லை. இதில் விழாதவர் குறைவு.

ஆக, உபுண்டு எஸ்எஸ்டியில் இருக்கிறது, அதன் பூட் லோடர் உள் டிஸ்க்கின் இஎஸ்பியில் இருக்கிறது. அங்கே உபுண்டு ஃபோல்டருக்குள் மூன்றே வரி கொண்ட ஒரு குட்டி அமைப்பு ஃபைல் இருக்கும். "இன்ன யூயூஐடி (தனி அடையாள எண்) கொண்ட பார்ட்டிஷனைத் தேடு, அதற்குள் பூட் ஃபோல்டரில் உண்மையான அமைப்பு ஃபைல் இருக்கிறது, அதைப் படி" என்பதுதான் அதன் சாரம். எஸ்எஸ்டி செருகியிருந்தால் அந்த பார்ட்டிஷன் கிடைக்கும், மெனு வரும், மெனுவில் விண்டோஸும் இருக்கும். கழற்றிவிட்டால் முகவரி இருக்கிறது, வீடு இல்லை. கிரப்புக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் "கிரப்>" என்று உங்களிடமே கேட்டு நிற்கிறது. நண்பரின் கணினியில் நடப்பது இதற்கு நேர்மாறு: வீடு வந்திருக்கிறது, வாசல் உங்கள் லேப்டாப்பிலேயே தங்கிவிட்டது. இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்.

சரி, சரிசெய்வோம். கை வைக்கும் முன்னால் ஒன்று. விண்டோஸுக்குள் போய், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் யாரும் கேட்காமலே அது ஆனில் இருக்கும். பூட் வரிசையையோ, கையொப்பமிட்ட பூட் நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டையோ தொட்டால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை இப்போதே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த லேப்டாப்பிலேயே ஃபைலாகச் சேமித்து வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்!

அப்புறம் எஸ்எஸ்டியைச் செருகி உபுண்டுவுக்குள் போங்கள். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்று தட்டினால் டிஸ்க்குகளும் பார்ட்டிஷன்களும் மரம்போல விரியும். உள் டிஸ்க் பெரும்பாலும் என்விஎம்இ என்று தொடங்கும் பெயரில் இருக்கும். யூஎஸ்பி எஸ்எஸ்டி பெரும்பாலும் எஸ்டிஏ. பெயரை நம்பாதீர்கள், கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். வேறொரு பென்டிரைவும் செருகியிருந்தால் ஏ, பி இடம் மாறும்.

எஸ்எஸ்டியில் ஓர் இஎஸ்பி இருக்கிறதா பாருங்கள். டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு என்று கொடுத்திருந்தால் 512 எம்பியில் ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் ஏற்கெனவே இருக்கும், உள்ளே ஒன்றுமில்லாமல். நீங்களே கையால் பார்ட்டிஷன் பிரித்திருந்தால் அது இல்லாமலும் இருக்கலாம். இல்லையென்றால் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவில்) ஏறி, ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் உபுண்டு பார்ட்டிஷனை ஒரு 500 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, அதற்கு இஎஸ்பி என்ற கொடியை வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவுக்குள்ளிருந்தே அதன் பார்ட்டிஷனைச் சுருக்க முடியாது. அதற்காகத்தான் லைவ் பென்டிரைவ்.

அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இடிசி ஃபோல்டரில் எஃப்எஸ்டேப் என்ற ஃபைலைத் திறங்கள். அதில் பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் இஎஃப்ஐ என்பதற்கு ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உள்ள யூயூஐடி உள் டிஸ்க்கின் இஎஸ்பியைக் காட்டிக்கொண்டிருக்கும். ஃபேட் பார்ட்டிஷனின் யூயூஐடி குட்டையாக, நான்கு நான்கு எழுத்தாக நடுவில் ஒரு கோட்டோடு இருக்கும், அதை வைத்து எளிதில் அடையாளம் காணலாம். சூடோ பிஎல்கேஐடி என்று தட்டி எஸ்எஸ்டி இஎஸ்பியின் யூயூஐடியைப் பார்த்து, பழையதை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள். இந்த வரியை மாற்றாமல் மற்றதை மட்டும் செய்தால் இன்றைக்கு வேலை செய்யும். அடுத்த மாதம் கிரப்புக்கு ஒரு அப்டேட் வரும், அது மறுபடி உள் டிஸ்க்கில் எழுதிவிட்டுப் போகும். நீங்களும் மறுபடி "அன்றைக்கே சரிசெய்தேனே" என்று கேட்டு வருவீர்கள்.

ஃபைலைச் சேமித்த பிறகு பழைய மவுன்ட்டை (பார்ட்டிஷனை ஒரு ஃபோல்டரில் பொருத்தியிருப்பதை) யூமவுன்ட் கட்டளையால் விடுவித்து, மவுன்ட் கட்டளையால் புதியதைப் பொருத்துங்கள். மறுபடி எல்எஸ்பிஎல்கே தட்டினால், பூட், இஎஃப்ஐ என்ற முகவரி இப்போது எஸ்டிஏவுக்கு எதிரே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மேலே போகாதீர்கள், எஃப்எஸ்டேப்பில் எங்கோ எழுத்துப் பிழை இருக்கிறது.

நிற்கிறதா? அப்படியென்றால் சூடோ கிரப்-இன்ஸ்டால். இது எஸ்எஸ்டியின் இஎஸ்பிக்குள் உபுண்டு ஃபோல்டரை உருவாக்கும், மதர்போர்டின் பட்டியலில் உபுண்டு என்ற பெயரை எஸ்எஸ்டிக்குத் திருப்பிவிடும். பிறகு அதே கட்டளையை இரண்டு கோடும் ரிமூவபிள் என்ற சொல்லும் சேர்த்து மறுபடி ஒரு முறை. இது பூட்எக்ஸ்64 என்ற அந்தப் பொது ஃபைலையும் வைக்கும். நண்பரின் கணினியில் எழுவதற்கு இதுதான் வேண்டும். இரண்டையும் செய்யச் சொல்வதற்குக் காரணம், உபுண்டுவின் கையொப்பமிட்ட கிரப் தன் குட்டி அமைப்பு ஃபைலை உபுண்டு ஃபோல்டருக்குள்தான் தேடும். முதல் கட்டளை அந்த ஃபோல்டரைத் தருகிறது, இரண்டாவது பொது வாசலைத் தருகிறது. கடைசியாக சூடோ அப்டேட்-கிரப்.

இப்போது எஸ்எஸ்டியைக் கழற்றி நண்பரின் கணினியில் செருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அங்கே எழுந்த பிறகுதான் உங்கள் லேப்டாப்பின் உள் டிஸ்க்கைச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் கூடாது. சுத்தம் என்பது சின்ன வேலை: உபுண்டுவிலிருந்து உள் டிஸ்க்கின் இஎஸ்பியை எம்என்டி ஃபோல்டரில் மவுன்ட் செய்து, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் இருக்கும் உபுண்டு ஃபோல்டரை மட்டும் நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட், பூட், லேப்டாப் நிறுவனத்தின் பெயரில் ஏதாவது இருந்தால் அது, இவை எதையும் தொடாதீர்கள். இஎஸ்பி முழுவதையும் ஃபார்மேட் செய்துவிடலாமே என்று தோன்றும். தோன்றினால் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்று தட்டினால் மதர்போர்டின் பட்டியலும் வரிசையும் தெரியும். எஸ்எஸ்டி இருந்தால் உபுண்டு, இல்லையென்றால் விண்டோஸ் என்று வர வேண்டுமா, உபுண்டு முதலில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நீங்களே தேர்ந்தெடுப்பதாக இருந்தால் விண்டோஸை முதலில் வையுங்கள்.

பூட்-ரிப்பேர் என்றொரு கருவி இருக்கிறது, ஒரே பொத்தானில் எல்லாம் சரியாகும் என்பார்கள். அது தரும் அறிக்கை அருமையானது. எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகச் சொல்லும். ஆனால் வெளி டிஸ்க் கலந்த உங்களைப் போன்ற ஏற்பாட்டில் பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கம் என்ற அந்தப் பொத்தானை நான் அழுத்த மாட்டேன். அறிக்கையை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கே முடிந்தது. ஆனால் இதைத் தேடி வருகிறவர்களின் திரையில் வேறு வேறு வாசகங்கள் நிற்கும் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

"கிரப்>" வேறு, "கிரப் ரெஸ்க்யூ>" வேறு. முதலாவதில் கிரப் முழுசாக ஏறிவிட்டது, படிக்க வேண்டிய அமைப்பு ஃபைல்தான் கிடைக்கவில்லை. இரண்டாவதில் கிரப்பே பாதிதான் ஏறியிருக்கிறது. மேலே சொன்ன மூன்று துண்டுகளில் மூன்றாவது கைக்கு எட்டவில்லை. இது பயாஸ் முறையில் நிறுவிய கணினிகளில்தான் அதிகம் வரும். கூடவே "நோ சச் பார்ட்டிஷன்" என்று இருந்தால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பார்ட்டிஷன்களின் வரிசை எண்கள் மாறியிருக்கின்றன. "அன்நோன் ஃபைல்சிஸ்டம்" என்றால் கிரப் தேடும் இடத்தில் இப்போது வேறு ஏதோ இருக்கிறது.

ரெஸ்க்யூவில் கிடைப்பது எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் என்று நாலே நாலு கட்டளைகள். எல்எஸ் தட்டினால் டிஸ்க்குகளும் பார்ட்டிஷன்களும் அடைப்புக்குறிக்குள் வரும். ஒவ்வொன்றாக எல்எஸ் கொடுத்து, எதற்குள் பூட் ஃபோல்டரும் கிரப் ஃபோல்டரும் இருக்கின்றன என்று தேடுங்கள். கிடைத்ததும் செட் கட்டளையால் ரூட் என்பதை அந்த பார்ட்டிஷனுக்கும், ப்ரிஃபிக்ஸ் என்பதை அதன் பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரப் ஃபோல்டருக்கும் திருப்புங்கள். இன்ஸ்மாட் நார்மல், பிறகு நார்மல். மெனு வந்துவிடும். உள்ளே போனதும் மறக்காமல் சூடோ கிரப்-இன்ஸ்டால் கொடுத்து முழு டிஸ்க்கின் பெயரையும் கொடுங்கள், எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷனை அல்ல, எஸ்டிஏ என்று. மறந்தால் அடுத்த முறையும் இதையே தட்ட வேண்டும். லினக்ஸ் பார்ட்டிஷனே அழிந்துவிட்டது என்றால் தேட ஒன்றும் இல்லை. விண்டோஸின் பூட் நிரலைத் திரும்ப எழுதுவதுதான் வழி.

சொந்தக் கதை ஒன்று. கல்லூரி நாட்களில் லினக்ஸ் இருந்த கணினியில் விண்டோஸ் 7ஐப் புதிதாகப் போட்டேன். லினக்ஸ் மெனு காணாமல் போனது. லினக்ஸே அழிந்துவிட்டது என்று நினைத்து முழு டிஸ்க்கையும் அழித்து முதலிலிருந்து நிறுவினேன். மூன்று வருடப் படங்கள் போயின. விண்டோஸ் நிறுவி தன் வழக்கப்படி முதல் செக்டாரில் இருந்த 446 பைட்டை மாற்றி எழுதியிருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கடைக்காரர் ஃபார்மேட் என்றதும் எனக்கு ஏன் பதற்றம் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த நிலையில் இருப்பவர்களுக்கு வழி இது: நிறுவிய அதே பதிப்பின் லைவ் பென்டிரைவில் ஏறுங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனை எம்என்டியில் மவுன்ட் செய்யுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் இஎஸ்பியையும் அதற்குள் பூட், இஎஃப்ஐ என்ற இடத்தில் மவுன்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் என்ற நான்கு ஃபோல்டர்களை பைண்ட் முறையில் உள்ளே இணைத்து, சிஎச்ரூட் கொடுத்தால் நிறுவிய லினக்ஸுக்குள் நிற்பீர்கள். அங்கே கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப். இது உபுண்டு, மின்ட், டெபியன் குடும்பத்துக்கு. ஃபெடோராவில் யூஇஎஃப்ஐ முறையில் கிரப்2-இன்ஸ்டால் கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது. ஷிம் (செக்யூர் பூட்டுக்காக கிரப்புக்கு முன்னால் ஓடும் குட்டி நிரல்), கிரப்2-இஎஃப்ஐ பொதிகளை மறுநிறுவல் செய்வதுதான் சரி.

லைவ் பென்டிரைவில் ஏறும்போது கவனம் வேண்டும். பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, லினக்ஸை மற்ற முறையில் நிறுவிவிட்டால் ஒரே மெனுவில் இரண்டும் வராது. பயாஸ் அமைப்புக்குள் போய் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லினக்ஸில் எந்த முறை என்று பார்க்க, சிஸ் ஃபோல்டரில் ஃபர்ம்வேர் என்பதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் யூஇஎஃப்ஐ. விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 திறந்தால் பயாஸ் மோட் என்ற வரியில் லெகசியா யூஇஎஃப்ஐயா என்று எழுதியிருக்கும். யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

2020 ஜூலையில் கிரப்பில் பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அதற்கான அப்டேட் போட்ட பிறகு பலருக்கு "சிம்பல் கிரப்_கேலக் நாட் ஃபவுண்ட்" என்று ரெஸ்க்யூவில் நின்றது. பூட் ஃபோல்டரில் இருந்த துண்டு புதிதாகிவிட்டது, முதல் செக்டாரிலும் அதை ஒட்டியும் இருந்த துண்டுகள் பழையதாகவே இருந்தன. கணினியில் இரண்டு டிஸ்க் இருந்து, அப்டேட் தவறான டிஸ்க்கில் எழுதியதால் வந்த வினை. இன்றும் இதேபோல் சிம்பல் என்ற சொல்லோடு பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சிஎச்ரூட் செய்து, உண்மையில் பூட் ஆகும் டிஸ்க்கில் கிரப்-இன்ஸ்டால் கொடுத்தால் துண்டுகள் ஒத்துப்போகும்.

விண்டோஸ் பக்கம் கோளாறு என்றால் நீலத் திரையில் 0எக்ஸ்சி000000எஃப் அல்லது அதுபோன்ற எண் வரும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் தன் பூட் தகவலை பிசிடி என்ற கோப்பில் வைக்கிறது. அது கெட்டுப்போனாலோ, தவறான பார்ட்டிஷனைக் காட்டினாலோ இது வரும். இணையத்தில் எல்லோரும் பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் என்பார்கள். யூஇஎஃப்ஐ கணினியில் அது "ஆக்சஸ் இஸ் டினைட்" என்று திருப்பி அனுப்புவது சகஜம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் ஏறி கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் போய், டிஸ்க்பார்ட்டில் அந்த ஃபேட்32 இஎஸ்பிக்கு எஸ் என்று ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டு, பிசிடிபூட் கட்டளையில் விண்டோஸ் ஃபோல்டரையும் எஸ் என்ற இலக்கையும் யூஇஎஃப்ஐ என்பதையும் கொடுத்தால் எல்லாப் பூட் ஃபைல்களும் புதிதாக எழுதப்படும். ஒரே எச்சரிக்கை, மீட்புச் சூழலில் சி என்பது உங்கள் வழக்கமான சியாக இருக்காமல் போகலாம். டிஐஆர் கொடுத்து உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

"வெரிஃபையிங் ஷிம் எஸ்பிஏடி டேட்டா ஃபெய்ல்ட்" என்று வந்தால் பூட் லோடர் கெடவில்லை, நம்பிக்கைதான் ரத்தாகியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம் பதிப்புகளைத் தடை செய்யும் பட்டியலை மதர்போர்டில் எழுதியது. இரட்டை பூட் கணினிகளுக்கு அது போகாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும் பலவற்றுக்குப் போனது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய், மோக்யூடில் கட்டளையில் செட்-எஸ்பிஏடி-பாலிசி டெலீட் என்று கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி லினக்ஸுக்குள் வந்து, ஷிம்மையும் கிரப்பையும் அப்டேட் செய்த பிறகு செக்யூர் பூட்டை ஆன் செய்யலாம். நிரந்தரமாக அணைத்து வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன்.

கிரப் மெனு வருகிறது, விண்டோஸ் மட்டும் அதில் இல்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 2021இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. இடிசி, டிஃபால்ட் ஃபோல்டரில் கிரப் என்ற ஃபைலில் கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர் என்பதை ஃபால்ஸ் என்று வைத்து அப்டேட்-கிரப் கொடுங்கள். இந்தப் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

மாறாக, லினக்ஸ் நிறுவியில் உள் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பகம் ராய்டு அல்லது விஎம்டி முறையில் இருக்கும். ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு நேராக மாற்றினால் விண்டோஸ் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸில் பிசிடிஎடிட் மூலம் சேஃப்பூட் மினிமல் வைத்து, பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழவிட்டு, அந்த அமைப்பை நீக்கினால் சத்தமில்லாமல் வேலை முடியும்.

மேலே சொன்னபடி செய்தும் உங்கள் எஸ்எஸ்டி எழவில்லை என்றால் எல்எஸ்பிஎல்கே, பிஎல்கேஐடி, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் மூன்றும் காட்டுவதை அப்படியே எடுத்து எழுதுங்கள். திரையில் நிற்கும் வாசகத்தையும் ஓர் எழுத்து விடாமல் எழுதுங்கள், "ஏதோ எரர் வருகிறது" என்றால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.